கல்லில் ஏறாத பெயர்கள்

(வெள்ளி விழாவை ஒட்டிச் சுரண்டையில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழாக் கூட்டம் என்றால் கழகம் கடந்து வந்த பாதையைப் பாராட்டிப் பேசுவது மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் செவ்வனே செய்து முடித்துவிட்டார்கள். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். சென்ற மாதம் நம் இளைஞர்கள் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பத்தைச் செயற்குழுவிடம் கொடுத்தார்கள். படிப்பகத்தின் பின்புறம் கருவேல மரம் மண்டிக் கிடக்கும் நிலத்தைத் திருத்தி, அங்கே ஒரு நினைவுப் பூங்கா அமைக்க வேண்டும். அதில் நம் வீரர்களின் சிலைகள் நிற்க வேண்டும். கொடிகள் பறக்க வேண்டும். இந்த வட்டாரத்தின் வரலாற்றில் நமக்குரிய பங்கு என்ன என்பதை வழிப்போக்கனும் கண்டு தெளிய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

செயற்குழுவில் இதுபற்றி நெடுநேரம் விவாதம் நடந்தது. “சிலைக்குச் செலவிடும் பணத்தில் மாணவியர் தங்கிப் படிக்க இரண்டு அறை கட்டலாமே” என்றார் ஒரு பெரியவர். அது தள்ளத்தக்க கேள்வி அன்று. ஆனால் நமக்கு வருத்தம் தந்தது வேறொன்று. வாயிலில் யார் சிலை முன்னே நிற்பது என்பதில் இளைஞர்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டாயிற்று. ஒரு சாரார் வெண்ணிக் காலாடி என்றனர். மற்றொரு சாரார் ஒண்டிவீரன் என்றனர். ஒரே தலைவனுக்காக ஒரே களத்தில் நின்ற இருவரை, இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நாம் எதிரெதிரே நிறுத்திவிட்டோம்! தலைவர் அவர்கள் குறுக்கிட்டு, “தலைமையாசிரியர் வரலாறு படித்தவர், அவர் ஒருநாள் பேசட்டும், பிறகு முடிவு செய்வோம்” என்று கூறிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். அந்தக் கடமையை நிறைவேற்றவே இன்று நிற்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இளைஞர்களின் விருப்பம் நேற்றுத் தோன்றிய ஆசை அன்று. இறந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழர்களின் மிகப் பழைய வழக்கம். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதற்கு ஆறு நிலைகள் உண்டெனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அரசனுக்கு மட்டும் கல் நடவில்லை. ஆநிரை மீட்கப் போய் மாண்ட சிற்றூர் மறவனுக்கும் நட்டார்கள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் கிடைத்துள்ளது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காத்து நின்று மாண்ட ஒருவனுக்காக நட்ட கல் அது. அவனுடன் ஒரு நாயும் இருந்தது. திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். அந்தப் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது; நாயின் உருவமும் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது.

நினைத்துப் பாருங்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் காவல் காத்த ஒரு நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. அந்த நாய்க்கு அந்தச் சிறப்புத் தகும். அதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் தெருவிலிருந்து வேலும் வாளும் ஏந்திப் போனவர்களின் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி மாணவர்களைச் சுற்றுலாவாக ஒரு நினைவு மண்டபத்துக்கு அழைத்துச் சென்றோம். சுவரில் பெரிய போர்க்காட்சி ஓவியம். குதிரைமேல் அரசர், அவர் பெயர் கீழே எழுதியிருந்தது. எதிரே வெள்ளைக்காரத் தளபதி. அவன் பெயரும் எழுதியிருந்தது. நம் தெருப் பையன் ஒருவன், ஏழாம் வகுப்பு, அந்த ஓவியத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல வந்து, “ஐயா, வேல்கம்பு வைச்சிட்டு முன்னால நிக்காங்களே, அவங்க பேரு என்ன?” என்று கேட்டான். நாம் இருபதாண்டுக்கு மேல் வரலாறு கற்பித்தவர். அன்று அவனுக்கு விடை சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. அவன் கேள்விக்கு விடை தருமானால் இளைஞர்கள் கேட்கும் பூங்கா வேண்டும். தராதென்றால் அது வேண்டியதில்லை. நம் கருத்தின் சாரம் இவ்வளவே.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். வாசுதேவநல்லூருக்கு அருகே உள்ள நெற்கட்டும்செவல் இங்கிருந்து ஒரு முற்பகலில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கிறது. 1755இல் கர்னல் ஹெரான் படையுடன் வந்து கப்பம் கேட்டபோது மறுத்து நின்றவர் பூலித்தேவர். 1761இல் யூசுப்கானின் பீரங்கிகளின் முன் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகள் வீழும் வரை அந்தப் போராட்டம் நடந்தது. இவை கும்பினியாரின் ஆவணங்களிலும் பதிவானவை. அந்தப் படையில் தளபதிகளாய் நின்றவர்கள் என நாம் போற்றும் வெண்ணிக் காலாடியையும் ஒண்டிவீரனையும் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் வாய்மொழி வழியே. வயிறு கிழிந்து குடல் சரிந்த போதும் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு காலாடி போரிட்டார் என்பது ஒரு கதை. ஒண்டிவீரன் பகைவர் பாசறைக்குள் தனியே புகுந்து புல்லுக்குள் மறைந்திருந்தார். குதிரை கட்ட அடித்த முளை அவர் கையை ஊடுருவிற்று. வாய் திறவாமல் பொறுத்துப் பின் தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியேறினார் என்பது மற்றொரு கதை.

“இவற்றுக்கு ஆதாரம் என்ன?” என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். வரலாறு படித்தவர் கேட்கத்தான் வேண்டும். நாமும் நம் மாணவர்க்கு அவ்வாறே கேட்கக் கற்பிக்கிறோம். ஆனால் அக்கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எழுதும் உரிமை யாரிடம் இருந்தது? எழுத்தறிய விடாமல் ஒரு மக்களை வைத்துவிட்டுப் பிறகு அவர்களிடம் ஓலைச்சுவடி கேட்பது என்ன நியாயம்? எனவே வாய்மொழியைப் பொய்யென ஒதுக்கவும் வேண்டாம். கல்வெட்டு போலக் காட்டவும் வேண்டாம். ‘நம் முன்னோர் இவ்வாறு சொல்லி வந்தனர்’ என்று பீடத்தில் எழுதினால் நம் வீரரின் பெருமை ஓர் இம்மியும் குறையாது. ஆவணம் உள்ளதை ஆவணம் என்றும், கதையைக் கதை என்றும் எழுதும் துணிவு நம்மிடம் இருக்க வேண்டும். இல்லாத தேதியையும் இல்லாத ஓலையையும் புனைந்து எழுதினால் நாளை நம் பேரனே நம்மை நம்பமாட்டான்.

ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் அரசு கட்டிய மணிமண்டபம் 2016இல் திறக்கப்பட்டது. அவர் நினைவு நாளான ஆகஸ்டு 20இல், 2022ஆம் ஆண்டு, அஞ்சல் துறை அவருக்குத் தலை வெளியிட்டது. மகிழத்தக்க செய்திகள்தாம். ஆனால் ஆகஸ்டு 20இல் ஒண்டிவீரன் நினைவு நாளும் செப்டம்பர் முதல் நாள் பூலித்தேவர் பிறந்த நாளும் அடுத்தடுத்து வருவதால், நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து மாலையுடன் போகவும் அனுமதி வேண்டியிருக்கிறது. ஒருவருக்கொருவர் தோள்கொடுத்துக் கும்பினியை எதிர்த்தவர்களின் நினைவைக் காக்க இன்று சாலையெங்கும் காவலர் நிற்கிறார்கள். இதைச் சொல்லும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது. அரசின்மேல் மட்டும் பழி போட்டு இதைக் கடந்துவிட முடியாது.

அயல் மாநிலங்களில் இத்தகைய நினைவிடங்கள் எவ்வாறு எழுந்தன என்பதையும் சற்றுப் பார்ப்போம். மராட்டியத்தில், புனேவுக்கு அருகே, பீமா ஆற்றங்கரையில் கோரேகாவ் என்னும் ஊர். 1818 சனவரி முதல் நாள் அங்கே பேஷ்வா படைக்கும் கும்பினிப் படைக்கும் போர் நடந்தது. கும்பினிப் படையில் மகர் வீரர்கள் பலர் இருந்தனர். போருக்குப் பின் கும்பினியார் அங்கே ஒரு கல்தூண் எழுப்பினர். அதில் 49 வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன; அவற்றில் 22 பெயர்கள் மகர்களுடையவை. நூறாண்டுக்கு மேல் அது ஒரு பழைய போர்த்தூணாகவே நின்றது. 1927 சனவரி முதல் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தம் தோழர்களுடன் அங்கே சென்று அந்தப் பெயர்களுக்கு வணக்கம் செலுத்தினார். அன்று முதல் அது நம் மக்களின் யாத்திரைத் தலமாயிற்று. “அவர்கள் வெள்ளையனுக்காகப் போரிட்டவர்கள் அல்லரோ?” என்று சிலர் குறை கூறுவர். தம் தெருவில் தம் நிழல் விழவும் தடை விதித்தவர்களை எதிர்த்து அவர்கள் நின்றார்கள். நம் நெல்லைச் சீமையில் நம்மவர் கும்பினியை எதிர்த்து நின்றார்கள். இரண்டும் வரலாறே. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே கூலிப்படை வைத்தவன் பெயரை வெட்டி வைத்தான். அதனால் நூறாண்டு கழித்து ஒரு தலைவர் வந்து அதைப் படித்துக் காட்ட முடிந்தது. இங்கே சொந்தச் சீமைக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயரை ஒருவரும் வெட்டவில்லை.

பரந்த வெளியில் சிற்பங்களைக் கொண்டு ஒரு மக்களின் வரலாற்றையே எழுத முயன்ற இடம் உத்தரப் பிரதேசம். இலட்சுமணபுரி எனப் பழைய புத்தகங்களில் காணும் லக்னோவில், கோமதி நகரில், 107 ஏக்கரில் அம்பேத்கர் பூங்கா 2008இல் திறக்கப்பட்டது. இராஜஸ்தானத்துச் செந்நிற மணற்கல்; வரிசை வரிசையாகக் கல் யானைகள். டெல்லியை அடுத்த நொய்டாவில் யமுனைக் கரையோரம் மற்றொரு நினைவுத் தலம் 2011 அக்டோபர் 14 அன்று திறக்கப்பட்டது. பாபாசாகேப் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அதே நாளைத் தேர்ந்து திறந்தார்கள். இவற்றை எழுப்பிய முதலமைச்சர் மாயாவதி அம்மையாரைப் பத்திரிகைகள் அன்று வசைபாடியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டியிருக்கலாமே என்றார்கள். அரசர்களும் பிரபுக்களும் கட்டிய மாளிகைகளின் முன் நின்று இக்கேள்வியை யாரும் கேட்டதாக நாம் அறியோம். நிற்க. அதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவும் நாம் ஆயத்தமாக இல்லை. உயிருடன் இருக்கும் தலைவர் தம் சிலையைத் தாமே வைத்துக்கொள்வது நமக்கு உடன்பாடு அன்று. கட்சியின் சின்னமான யானையைப் பொது இடத்தில் நிறைத்ததன் விளைவாக, 2012 சட்டமன்றத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் அந்த யானைகளையும் அம்மையாரின் சிலைகளையும் துணியால் மூட உத்தரவிட்டது. ஒரு மக்களின் பெருமைச் சின்னம் தேர்தலுக்குத் தேர்தல் போர்வை போர்த்திக்கொள்ளும் நிலை நம் பூங்காவுக்கு வரக்கூடாது. ஆந்திரத்து விஜயவாடாவில் 2024 சனவரி 19 அன்று 125 அடி உயர அம்பேத்கர் சிலையுடன் ஒரு நினைவு வனம் திறந்திருக்கிறார்கள். அவ்வளவு உயரம் நமக்கு எதற்கு? ஏழாம் வகுப்புப் பையன் நிமிர்ந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும். குனிந்து பார்த்தால் பெயர் படிக்க வர வேண்டும். அந்த உயரம் போதும்.

சிலை என்றவுடன் கூண்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. தமிழகத்தில் நீங்கள் எந்த மாவட்டத்துக்கு வேண்டுமாயினும் போங்கள். பாபாசாகேப் சிலை பல இடங்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்பதைக் காண்பீர்கள். காரணம் எல்லார்க்கும் தெரியும். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அவர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு அங்கே புதிய சிலையை நிறுவிற்று. இவ்வாறு நடக்கும் நாட்டில் பாதுகாப்பென்று கூண்டு போடுகிறார்கள். அவர்கள் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம் பள்ளியில் ஏப்ரல் 14ஐ ஒட்டி ஓவியப் போட்டி வைத்தோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நீல நிறக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் புத்தகம் எல்லாம் ஒழுங்காக வரைந்து, அதன்மேல் அளவுகோலை வைத்துக் கறுப்புக் கோடுகள் வரிசையாகப் போட்டிருந்தாள். “இது என்னம்மா?” என்றோம். “கம்பி சார்” என்றாள். அவள் பிறந்தது முதல் அவரைக் கம்பிக்குப் பின்னாலேயே பார்த்திருக்கிறாள். அவரை வரைவதென்றால் கம்பியும் சேர்ந்ததே அவர் என்று எண்ணிவிட்டாள். அந்தப் படத்துக்குப் பரிசு கொடுப்பதா வேண்டாமா என்று ஆசிரியர்கள் தயங்கினார்கள். நாம் முதற்பரிசு கொடுக்கச் சொன்னோம். அந்தப் படம் இன்றும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நம் பூங்காவில் கூண்டு இருக்கலாகாது என்பது நம் உறுதியான கருத்து. சுற்றுச்சுவர் இருக்கட்டும், இரவில் விளக்கு எரியட்டும், முறைவைத்து இளைஞர்கள் காவல் இருக்கட்டும். அதற்கு ஆள் கிடையாதென்றால் சிலையே வைக்க வேண்டாம்.

பெயரால் விளைந்த துன்பம் நம் பக்கத்தில் புதிதன்று. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் கவர்னகிரியில் பிறந்து, 1799இல் கட்டபொம்மனுக்காகக் கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கத் தம் உயிரையே கொடுத்தவர் என்று போற்றப்படும் வீரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் சிலர். கலகம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் மீண்டும் திருநெல்வேலி மாவட்டம் ஆயிற்று. சுந்தரலிங்கத்தின் பெயர் இருக்கக்கூடாது என்பதற்காகக் கட்டபொம்மன் பெயரும் போயிற்று! அன்று உயிருடன் இருந்திருந்தால் கட்டபொம்மன் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் அவ்வப்போது எண்ணிக்கொள்வதுண்டு.

இனிக் கொடிகள். இளைஞர்களின் விண்ணப்பத்தில் ஏழு கொடிக்கம்பங்கள் கேட்கப்பட்டுள்ளன. அவற்றில் சில அமைப்புக் கொடிகள், சில கட்சிக் கொடிகள். பொது இடங்களிலுள்ள கட்சி, சாதி, சமயக் கொடிக்கம்பங்களை அகற்ற வேண்டும் என்று 2025 சனவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சாலையோரச் சிலைகள் பற்றியும் 2013இலேயே உச்சநீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. நம் நிலம் கழகத்தின் சொந்தப் பட்டா நிலம். எனினும் முறைப்படி அனுமதி பெற்றே எதையும் நட வேண்டும். சட்டத்தை விட்டுவிட்டாலும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. கட்சிக் கொடி தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறும். நினைவுக்குக் கொடி வேண்டுமானால் அக்கொடிக்கே ஒரு வரலாறு இருக்க வேண்டும். மூன்று கொடிகள் போதும் என்போம்.

ஒன்று தேசியக் கொடி. இதில் நமக்கு என்ன பங்கு என்று கேட்காதீர்கள். அரசியல் நிர்ணய சபை 1947இல் அமைத்த கொடிக் குழுவில் பாபாசாகேப் ஓர் உறுப்பினர். 1947 ஜூலை 22 அன்று ஏற்கப்பட்ட அந்தக் கொடியின் நடுவில் இருப்பது அசோகரின் தருமச் சக்கரம், 24 ஆரங்கள். பகவான் புத்தர் உருட்டிய சக்கரத்தின் சின்னம் அது. குடிமகன் எந்நாளும் தன் இடத்தில் அக்கொடியை ஏற்றலாம் என்னும் உரிமை 2002இல்தான் வந்தது. அழுக்குப் படிந்து கிழிந்த கொடியைப் பறக்க விடுவது கொடி விதிகளுக்கு மாறானது என்பதையும் சொல்லி வைக்கிறோம். ஆகஸ்டு 15இல் ஏற்றிவிட்டு அடுத்த ஆகஸ்டு வரை மறந்துபோகும் இடங்கள் உண்டு.

இரண்டாவது பௌத்தக் கொடி. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, காவி என ஐந்நிறமும், ஐந்தும் கலந்த ஆறாவது பட்டையும் கொண்டது. 1885இல் கொழும்பில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன் வடிவைத் திருத்தியமைக்க ஆலோசனை கூறியவர் கர்னல் ஆல்காட். அந்த ஆல்காட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சென்னை அடையாற்றில் 1894இல் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி திறந்தவர் அவர். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் அவருடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைத் தொடங்கினார். பாபாசாகேப் நாகபுரியில் செய்ததற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் அவ்வழியில் நடந்துவிட்டார். இந்த வரலாறு நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்குச் சென்னைக் காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம் 2023இல்தான் திறக்கப்பட்டது. மூன்றாவது நீலக்கொடி. அதற்கு விளக்கம் இந்த அரங்கில் வேண்டியதில்லை.

சிலைகள் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் மீதி. விண்ணப்பத்தில் உள்ள ஒன்பது பெயர்களும் வாளேந்தியவர்களின் பெயர்கள். வாள் ஏந்தியவர்கள் நிற்கட்டும். ஆனால் இது கல்விக் கழகம். பலகையும் பலப்பமும் ஏந்தியவர்களுக்கு இங்கே இடமில்லையா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை நடத்தியவர். எம். சி. ராஜா ஆசிரியராகப் பணிபுரிந்து பாடநூல்கள் எழுதியவர். சென்னைச் சட்டசபையில் நம் குரலை முதன்முதல் ஒலித்தவர்களுள் ஒருவர். சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தர் காலத்தில், நம் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்குப் போர்க்களத்துக்குப் போகும் துணிவு வேண்டியிருந்தது. பெண்கள் பெயர் ஒன்றுகூட விண்ணப்பத்தில் இல்லை என்பதை நம் வீட்டம்மா சுட்டிக்காட்டிய பிறகே நாமும் கவனித்தோம். சுந்தரலிங்கத்துடன் உயிர் கொடுத்தவராகச் சொல்லப்படும் வடிவு, சிவகங்கையில் வேலு நாச்சியார் மண்டப வளாகத்தில் நினைவுத்தூண் பெற்ற குயிலி, மேடையிலே ஆண்களுக்கு நிகராக முழங்கிய மீனாம்பாள் சிவராஜ் ஆகியோரை விட்டுவிட்டு என்ன வரலாறு எழுதப் போகிறோம்?

யார் முன்னே என்னும் சிக்கலுக்கும் ஒரு வழி சொல்கிறோம். வட்டமாக ஒரு நடைபாதை. அதன் ஓரத்தில் சிலைகள், வாழ்ந்த காலத்தின் வரிசையில். வட்டத்துக்கு முன் ஏது, பின் ஏது? காலாடியும் ஒண்டிவீரனும் களத்தில் நின்றது போல அருகருகே நிற்பார்கள். சிமெண்டில் செய்து பொன்வண்ணம் பூசிய சிலைகள் வேண்டாம். இரண்டு மழைக்காலத்தில் மூக்கு உதிர்ந்துவிடும். குமரி மாவட்டத்து மயிலாடியில் தலைமுறை தலைமுறையாய்க் கல் செதுக்குவோர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு சிலை என்று கல்லிலேயே செய்வோம். ஒரு சிலைக்கு ஆகும் அளவு தொகையை அதே ஆண்டு மாணவியர் அறைக்கும் ஒதுக்குவது என்று தீர்மானம் போட்டுவிட்டால் பெரியவர் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இன்னொன்று. அந்த வட்டத்தில் ஓரிடத்தைச் சிலையின்றி விட வேண்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் செங்கொடி ஏற்றி வணங்குகிறார்கள். நம் திருநெல்வேலியில், 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள் காவலரின் தடியடியில் சிதறித் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் மாண்டார்கள். தாயும் இருந்தாள், கைக்குழந்தையும் இருந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். மலர் நீரோடு போய்விடுகிறது. அவர்களில் யாரும் வாள் எடுத்தவர் அல்லர், கூலி கேட்டவர்கள். அவர்களுக்கென்று ஆற்றுக் கல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, 17 பெயர்களையும் பிழையின்றி அதில் வெட்ட வேண்டும். அந்தக் குழந்தையின் பெயரையும் சேர்த்து.

இவையெல்லாம் செய்யுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நெற்கட்டும்செவல் பக்கத்தில் காலாடி மேடு என்று மக்கள் சொல்லும் இடம் இருக்கிறது. பச்சேரியிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் பழைய கதைகளைச் சொல்லவும் பாடவும் அறிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். நம் தெருவிலேயே எண்பது கடந்த பாட்டிமார் நால்வர் இருக்கிறார்கள். பீடத்தில் என்ன எழுதுவது என்பதைச் செயற்குழு அறையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. யார் சொன்னது, எந்த ஊரில், எந்த நாளில் என்று குறித்துக்கொண்டு சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். கைப்பேசியில் பதிவும் செய்யலாம். ஆனால் நோட்டில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் படிப்பக வாசலிலிருந்து ஒரு வேன் புறப்படுகிறது. செலவு நம்முடையது. இருபது பேருக்கு இடம் உண்டு. பெண்பிள்ளைகளுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஆளுக்கொரு நோட்டு, இரண்டு பேனா, மதியத்துக்குக் கட்டுச்சோறு கொண்டுவர வேண்டும். காலாடி கட்சியார் பச்சேரிக்கும், ஒண்டிவீரன் கட்சியார் காலாடி மேட்டுக்கும் போக வேண்டும் என்பது மட்டுமே நம் நிபந்தனை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் இந்த மேடையருகே வரலாம்.